பற்றும் நங்கூரமும்

பிறவியைக் கடலென்றும், முக்தியைக் கரையென்றும், இறைவன் திருவடியை அந்தக் கடலைத் தாண்டுவிக்கும் தோணியென்றும் சொல்லிச் சொல்லிப் பழகிய நாட்டில் பிறந்த நமக்கு, கரையே பந்தம், கடலே விடுதலை என்று ஒருவர் சொன்னால் முதலில் சிரிப்புத்தான் வரும். அப்படிச் சொன்னவர் சொல்லோடு நில்லாமல், ஊரும் உலகமும் பார்த்துக்கொண்டிருக்க, அதன்படி நடந்தும் காட்டினார் என்று அறியும்போது சிரிப்பு அடங்கி யோசனை பிறக்கிறது.

பெர்னார் முவாத்தெசியே என்ற பிரெஞ்சுக் கடலோடி 1925ஆம் ஆண்டில் ஹனோயில் பிறந்து, அன்றைய இந்தோசீனாவில் வளர்ந்தவர். தன்னந்தனியராய், எந்தத் துறைமுகத்திலும் நில்லாமல், பாய்மரப் படகில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவோருக்கு லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை 1968இல் பரிசு அறிவித்தபோது, 'ஜோஷுவா' என்னும் தம்முடைய எஃகுப் படகில் ஏறி இவரும் ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார். நன்னம்பிக்கை முனையையும் ஆஸ்திரேலியாவின் தென்கோடியையும் கடந்து, கடலோடிகளின் நெஞ்சை நடுக்கும் ஹார்ன் முனையையும் தாண்டி, இனி வடக்கே திரும்பி வீடு போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி, 5000 பவுன் பரிசும் பெரும் புகழும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்ற கட்டத்தில், இவர் வடக்கே திரும்பவில்லை. 1969 மார்ச்சு மாதம் கேப்டவுனுக்கு அருகே ஒரு கப்பலின்மேல் கவணால் ஒரு செய்தியை எறிந்துவிட்டு, போட்டியைத் துறந்து, மறுபடியும் கிழக்கு நோக்கியே சென்று, ஜூன் மாதம் தாஹிதித் தீவில் போய் இறங்கினார். புறப்பட்டுப் பத்து மாதமாகியிருந்தது. உலகத்தை ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுச் சுற்றியாயிற்று. தாம் கடலில் ஆனந்தமாக இருப்பதாலும், ஒருவேளை ஆத்மரட்சணைக்காகவும் மேலும் செல்வதாகப் பொருள்படும்படி அச்செய்தியில் எழுதியிருந்தார். போட்டியை முடித்தவர் ஒருவரே: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 'சுஹைலி' நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு.

முவாத்தெசியே படகில் யோகாசனம் பயின்றவர். பயணத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலின் வருவாயைப் போப்பாண்டவருக்கு எழுதிவைத்தவர். ஆகவே அவரைத் துறவியென்றே கொண்டாடுவோர் மேல்நாட்டில் பலர். நான் அவ்வளவு தூரம் போகத் தயாராக இல்லை. பொருளை விட்டார், புகழை விட்டார், காத்திருந்த குடும்பத்தையும் விட்டார், கடலை விட்டாரா? ஒன்றை விடுவதற்காக மற்றொன்றை இறுகப் பிடித்துக்கொள்வது மனித சுபாவம். வள்ளுவரும் துறவதிகாரத்தின் முடிவில், பற்றை விடுவதற்கு ஒரு பற்று வேண்டுமென்றே விதிக்கிறார். ஆனால் எதைப் பற்றுவது என்பதையும் உடனே வரையறுத்துவிடுகிறார். பற்று என்பது தன்னளவிலேயே குற்றமா, அல்லது குற்றம் பற்றும் முறையில் இருக்கிறதா என்ற பழைய கேள்விக்கு, கடலும் கரையும் ஆகிய இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நங்கூரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கிறது.

நங்கூரம் பாய்ச்சுவதென்றால் கனமான இரும்பைத் தொப்பென்று கடலில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது என்று நிலத்தில் வாழ்வோர் எண்ணுகிறோம். அமைதியான ஒரு கிராமத்துக் குடாவுக்குள் மாலை வேளையில் நுழையும் பாய்மரப் படகைக் கவனித்தால் அந்த எண்ணம் மாறும். முதலில் ஆழம் பார்க்கிறார்கள். கருவிகள் வராத காலத்தில் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். அதில் ஒட்டிக்கொண்டு வருவது மணலா, சேறா, உடைந்த சிப்பியா என்று விரலால் தடவிப் பார்த்து அடித்தளத்தை அறிவார்கள். மணலும் சேறும் நங்கூரத்துக்கு உகந்தவை. பாறையை நம்ப முடியாது. கடற்புல்லில் நங்கூரம் பிடித்ததுபோல் பாசாங்கு செய்து, பிறகு புல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். (மத்தியதரைக் கடலில் இப்படிப் பெயர்ந்த புல்வெளிகள் மீண்டும் வளர நெடுங்காலம் ஆவதால், பிரான்சின் தென்கரையில் பெரிய உல்லாசப் படகுகள் அவற்றின்மேல் நங்கூரமிடுவதைத் தடுத்திருக்கிறார்கள். ஒருவன் பற்று மற்றோர் உயிருக்குக் காயமாவது நிலத்தில் மட்டும் நடக்கும் சங்கதியன்று.)

இடம் தேர்ந்தபின் படகின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பி, அது நின்று பின்னோக்கி நகரத் தொடங்கும்போது நங்கூரத்தை மெல்ல இறக்குகிறார்கள். படகு பின்னே போகப் போகச் சங்கிலி தரையில் நீளமாகப் படிகிறது. அமைதியான காலத்தில் ஆழத்தைப்போல் நாலு மடங்கு, காற்று வலுத்தால் ஏழு மடங்கும் அதற்கு மேலும் சங்கிலி விட வேண்டும். ஏன் இத்தனை? நங்கூரம் தன் கனத்தால் படகை நிறுத்துவதில்லை. மண்ணுக்குள் புதைந்து நிறுத்துகிறது. அதை மண்ணுக்குள் புதைப்பது, தரையோடு தரையாகக் கிடைமட்டமாய் வரும் இழுப்பு. அந்த இழுப்பைக் கிடைமட்டமாக வைத்திருப்பது சங்கிலியின் நீளமும் தொய்வும். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானியும் கடலோடியுமான ஜெஃப்ரி டெய்லர் 1933இல் வடித்த நங்கூரம், கலப்பையின் கொழுவைப்போலவே அமைந்து, இழுக்க இழுக்க ஆழப் பாயும். பழைய நங்கூரங்களைவிட எவ்வளவோ குறைந்த எடையில் கூடுதலான பிடிப்பு. காற்று படகை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பும் வலுக்கிறது. சோதனையால் பக்தி முதிர்வதாக நம் பெரியோர் சொல்வதை இரும்பில் காண விரும்புவோர் இங்கே காணலாம்.

எனக்கு இதனினும் பெரிதாகப் படுவது வேறொன்று. அதே நங்கூரத்தை எடுக்க வேண்டிய வேளையில், படகை அதற்கு நேர் மேலே கொண்டுவந்து, சங்கிலியைச் செங்குத்தாக இழுக்கிறார்கள். இரவெல்லாம் படகின் இழுப்புக்கு அசையாதிருந்த இரும்பு சிறிது நேரத்தில் மண்ணை விட்டுக் கிளம்பிவிடுகிறது. அடியிலிருக்கும் மண் மாறவில்லை, இரும்பு மாறவில்லை. இழுக்கும் திசை ஒன்றே மாறியது. பிடிப்பதும் விடுவதும் இரண்டு வெவ்வேறு கருவிகளின் காரியமென்று நினைத்து, இல்லறத்துக்கு ஒரு மனத்தையும் துறவறத்துக்கு வேறொரு மனத்தையும் தேடி அலைகிற நமக்கு இது ஆலோசிக்கத் தக்க விஷயம்.

நங்கூரமிட்டபின்பும் விவேகி உடனே படுப்பதில்லை. கரையிலுள்ள கோவில் மணிக்கூண்டையும் அதன் பின்னுள்ள ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து, கோடு விலகுகிறதா என்று கவனிக்கிறான். முகப்பில் சங்கிலியின்மேல் வெறுங்காலை வைத்துப் பார்க்கிறான்: நங்கூரம் மண்ணில் பதிந்திருந்தால் சங்கிலி விறைத்தும் தளர்ந்தும் அமைதியாக இருக்கும், இழுபட்டுக்கொண்டிருந்தால் கடலடியில் இரும்பு துள்ளித் துள்ளி வருவது பாதத்தில் கடகடவென்று தெரியும். கண்ணுக்குத் தெரியாததை நம்பித்தான் அவன் உறங்குகிறான். ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டு உறங்குகிறான். சிரத்தைக்கும் மூடநம்பிக்கைக்கும் உள்ள வேற்றுமையை நீண்ட விவாதங்களைவிட அந்தப் பாதம் நன்றாக உணர்த்தும்.

இனி, கடலே விடுதலையென்ற முவாத்தெசியேயின் கதைக்குத் திரும்புவோம். மெக்சிக்கோவின் மேற்கே நீண்டு தொங்கும் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் தென்கோடியில் காபோ சான் லூக்காஸ் என்றோர் ஊர் இருக்கிறது. இன்று அது ஹோட்டல்கள் மலிந்த உல்லாச நகரம். 1982இல் சிறிய மீன்பிடி ஊர். வழக்கமாக வீசும் வடமேற்குக் காற்றைக் குன்றுகள் மறைத்துவிடுவதால் குடா குளம்போல் கிடக்கும். ஆனால் தென்கிழக்குத் திசை திறந்த வெளி. அன்றியும், கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று சரேலென்று இறங்கிவிடுவதால், நங்கூரத்துக்கு ஏற்ற மணல்தட்டு ஒரு குறுகிய பட்டை மட்டுமே. வந்த படகுகளெல்லாம் கரையை ஒட்டி, ஒன்றையொன்று நெருங்கி நின்றன. அந்த டிசம்பரில் ஓர் இரவு, மறைவே இல்லாத தென்கிழக்கிலிருந்து புயல் புகுந்தது. ஒரு படகின் நங்கூரம் இழுபட்டதும் அது பக்கத்துப் படகையும் வாரிக்கொண்டு போயிற்று. விடிந்து பார்க்கையில் 25க்கு மேற்பட்ட படகுகள் மணலில் கிடந்தன. அவற்றில் 'ஜோஷுவா'வும் ஒன்று. உலகத்தின் மூன்று முனைகளும், தென்சமுத்திரத்தின் மலையலைகளும் செய்ய முடியாததை, குளம்போன்ற ஒரு குடா செய்து முடித்தது.

கடலோடிகள் புயற்காலத்தில் அஞ்சுவது ஆழ்கடலுக்கு அன்று, கரைக்கு. காற்று கரையை நோக்கித் திரும்புகிறதென்று கண்டால், இருட்டானாலும் மழையானாலும் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கடலுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர்களுடைய சாஸ்திரம். எடுக்கவும் அவகாசமில்லையா? சங்கிலி நுனியில் ஒரு மிதவையைக் கட்டிக் கடலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். இதற்காகவே, அனுபவசாலிகள் சங்கிலியின் உள்நுனியைப் படகோடு இரும்புப் பூட்டால் பிணைக்காமல், கத்தியால் அறுக்கக்கூடிய ஒரு முழக் கயிற்றால் கட்டிவைக்கிறார்கள். எஃகு நங்கூரம், எஃகுச் சங்கிலி, கடைசியில் அந்தக் கயிறு! பற்றை ஏற்றுக்கொள்ளும்போதே அதை விடுவதற்கான வழியையும் அதற்குள் வைத்துக் கட்டுகிற இந்த ஏற்பாட்டுக்கு இணையாக நம் மடங்களில் வைராக்கியத்துக்கு என்ன பயிற்சி உண்டென்று எண்ணிப் பார்க்கிறேன்; சுலபத்தில் விடை கிடைக்கவில்லை.

கிறிஸ்தவர்களுக்கு நங்கூரம் பழைய சின்னம். ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் அதைச் செதுக்கி வைத்தார்கள். எபிரெயருக்கு எழுதிய நிருபம் நம்பிக்கையை ஆத்மாவின் நங்கூரமாகக் கூறுகிறது. பிரசங்கங்களிலும் அதன் உறுதியைத்தான் போற்றுகிறார்கள். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கப்பற்சேதத்தைப் படித்தால், பவுல் அடிகளைக் கைதியாக ஏற்றிச் சென்ற கப்பல் நள்ளிரவில் மெலித்தா தீவை, அதாவது மால்ட்டாவை, நெருங்கியபோது மாலுமிகள் ஆழம் பார்த்து முதலில் 20 பாகமென்றும் பிறகு 15 பாகமென்றும் கண்டு, கப்பலின் பின்புறத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டுவிட்டு, எப்போது விடியுமென்று காத்திருக்கிறார்கள். விடிந்ததும் அதே மாலுமிகள் அந்த நாலு நங்கூரங்களையும் அறுத்துக் கடலிலே விட்டுவிட்டுக் கரையை நோக்கிப் பாய் விரிக்கிறார்கள். கப்பல் உடைந்தது, அதிலிருந்த 276 பேரும் பிழைத்தார்கள். இரவில் நங்கூரம் போடாதிருந்தாலும் மடிந்திருப்பார்கள். காலையில் அறுக்காதிருந்தாலும் மடிந்திருப்பார்கள். இரண்டாம் பாதியைப் பற்றி உபதேசிப்போர் குறைவு.

புத்தர் பெருமான் தம் போதனையைத் தெப்பத்துக்கு ஒப்பிட்டு, ஆற்றைக் கடந்தவன் அதைத் தலையில் சுமந்து திரிய வேண்டாமென்றார். அது மிகச் சிறந்த உவமையே. ஆயினும் அக்கரை சேர்ந்தவனுக்கு அது பொருந்துமேயன்றி, இன்றிரவு ஒரு குடா, நாளையிரவு வேறொரு குடா என்று பிரயாணத்தின் நடுவில் இருக்கும் நம்மைப் போன்றோர்க்கு, ஒரேயடியாக விடுவதைவிடத் தினந்தோறும் போட்டுத் தினந்தோறும் எடுப்பதே உரிய சாதனை. குழந்தைகள், தொழில், ஊர், கொள்கை, வழிபடும் மூர்த்தி ஆகிய இவற்றிலெல்லாம் பற்று வைப்பதைப் பாவமென்று ஒதுக்கியவன் இழுபட்டுத் திரிவான். பற்றியதை எந்நாளும் விடேனென்று சங்கிலியைப் பூட்டிவைத்தவன், காற்று மாறிய இரவில் அந்தப் பற்றோடேயே கரையில் மோதுவான்.

முவாத்தெசியே 5000 பவுனை வேண்டாமென்று திரும்பியதைத்தான் உலகம் அவருடைய துறவாக நினைவு வைத்திருக்கிறது. காபோ மணலில் சாய்ந்து கிடந்த 'ஜோஷுவா'வை மீட்டுச் செப்பனிடும் வலிமை தமக்கில்லையென்று உணர்ந்து, இருபது ஆண்டுகள் தம் வீடும் கோவிலுமாக இருந்த அப்படகை அவர் 20 டாலருக்கு இளைஞர்களிடம் விற்றுவிட்டதையே நான் மேலான துறவாகக் கருதுகிறேன். கவணால் எறிந்த செய்தியில் வீரம் இருந்தது. இந்த விற்பனையில் வீரம் ஏதுமில்லை, விடுதல் மட்டுமே இருந்தது. பிறகு அவர் 'தமாதா' என்ற சிறிய படகொன்றைக் கட்டிக்கொண்டு மீண்டும் பசிபிக் தீவுகளுக்குப் போனார், 1994இல் காலமானார். 'ஜோஷுவா'வை வாங்கியவர்கள் அதை மணலிலிருந்து மீட்டு மிதக்கவிட்டார்கள். 1990இல் பிரான்சிலுள்ள லா ரோஷெல் கடல்சார் அருங்காட்சியகம் அதை வாங்கிச் செப்பனிட்டது. இன்றும் அது பாய் விரித்துக் கடலோடுகிறது.