நடுராத்திரி அச்சமும் பள்ளியறைப் பாடமும்



சொற்பொழிவு முடிந்ததும், கூட்டம் கலையட்டும் என்று ஓரமாகக் காத்திருந்து சிலர் என்னிடம் வருவார்கள். "சாமி, நடுராத்திரியிலே தூக்கிவாரிப் போடுது. நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, வேர்த்துக் கொட்டுது. இதோட போச்சுன்னு தோணுது. அப்புறம் விடிய விடியக் கொட்டக் கொட்ட முழிப்புதான். நான் கும்பிடுறதிலே ஏதும் குறையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்காக.

1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலை அடுத்த சொக்கப்ப நாயக்கர் தெரு. சிற்றப்பா வீட்டு மாடி அறையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். நோய்நொடி எதுவும் இல்லை. திடீரென்று மரண பயம் அவனைக் கவ்விக்கொள்கிறது. இதோ, செத்துப் போகப் போகிறோம் என்று தோன்றுகிறது.

அலறிக்கொண்டு அவன் கீழே ஓடவில்லை. படுத்தான். கை கால்களை விறைப்பாக நீட்டிப் பிணம் போலக் கிடந்தான். சாகப் போவது எது, இந்த உடம்புதானே, இதையெல்லாம் அறிகிற நான் யார் என்று உள்ளே திரும்பிப் பார்த்தான். பயம் அன்றோடு போயிற்று. செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். அவரைத்தான் நாம் பகவான் ரமண மகரிஷி என்று வணங்குகிறோம்.

அம்மா, ஐயா, கவனியுங்கள். அந்த மகானுக்கே காரணம் தெரியாத பயம் வந்தது. ஆகவே பயம் வருவதால் நீங்கள் பக்தி இல்லாதவர் ஆகிவிட மாட்டீர்கள். அவருக்கு ஒரே நாளில் கிடைத்த ஞானம் நமக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பயத்தைக் கண்டு ஓடாமல் அதைப் பார்த்தாரே, அதில் ஒரு துளி நமக்குப் போதும்.

நடுராத்திரியில் இப்படித் தூக்கிவாரிப் போடுவதை மருத்துவர்கள் பீதித் தாக்குதல் என்கிறார்கள். தூங்கும்போதும் இது வரும். கெட்ட கனவு கண்டுதான் வரவேண்டும் என்பதில்லை. ஆபத்தே இல்லாத நேரத்தில் உடம்பு அபாயச் சங்கை ஊதிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனிகள் மரத்துப் போகின்றன, தலை சுற்றுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணிகிறது. பொங்கி வருகிற பால், அடுப்பில் மேலும் விறகைத் தள்ளாமல் இருந்தால் அடங்கிவிடும். 'என்ன ஆகுமோ, என்ன ஆகுமோ' என்று நினைப்பதுதான் விறகு.

அந்த நேரத்தில் எழுந்து உட்காருங்கள். பாதம் இரண்டையும் தரையில் பதியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். விடுகிற மூச்சோடு 'சிவாயநம' என்றோ, 'நாராயணா' என்றோ, உங்கள் இஷ்ட தெய்வத்தின் பெயரை மெல்லச் சொல்லுங்கள். பயத்தை விரட்டுகிற மந்திரமாக அல்ல, பக்கத்தில் துணை இருக்கிறது என்ற நினைவாகச் சொல்லுங்கள். வந்தது வந்தபடி போகும்.

சரி, தூக்கம்? அதே மீனாட்சியம்மன் கோயிலில் தினமும் இரவு பள்ளியறை பூஜை நடக்கிறது. சுவாமி சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் ஏறி, மேளம் முழங்க அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளுகிறது. பாலை நிவேதித்து, தீபாராதனை காட்டி, பள்ளியறைக் கதவைச் சாத்துகிறார்கள். அதற்குமேல் அர்ச்சனை இல்லை, வேண்டுதல் இல்லை. உலகத்தையே ஆளுகிறவருக்கும் படுக்க ஒரு நேரம், எழ ஒரு நேரம்!

நம் வீட்டுப் பள்ளியறை எப்படி இருக்கிறது? தலைமாட்டில் கைப்பேசி, அதில் ஊர் வம்பு, நாளைய கவலை. இன்று முதல் கைப்பேசியைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். சாயங்காலத்துக்குமேல் காபி, டீ வேண்டாம். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டே கிடக்காதீர்கள்; எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து ஜபம் செய்யுங்கள். கண் சொருகும்போது போய்ப் படுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முதல் தடவை இப்படி வந்தால், மருத்துவரிடம் காட்டி இதயம், தைராய்டு, சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். நெஞ்சு வலி கை, தாடை என்று பரவினாலோ, மயக்கம் வந்தாலோ ஜபம் செய்துகொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். பீதிதான் என்று தெரிந்தபின் மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கம் எதற்கு? நல்ல சிகிச்சை இருக்கிறது, குணமாகிறது. டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். மருந்தும் ஆண்டவன் தந்ததுதான், மருத்துவரின் கையும் அவன் கைதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "காத்து கருப்பு பட்டிருக்கு", "சும்மா நடிக்கிறா", "மனசைத் திடமா வெச்சுக்கோ" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன், இது கொஞ்ச நேரத்துலே போயிடும்" என்று சொல்லுங்கள். நடுராத்திரியில் பயந்த ஒருவருக்குத் துணையாக விழித்திருப்பதும் சிவபூஜைதான். அந்தப் பூஜையை உங்கள் வீட்டில் தவறாமல் செய்யுங்கள்.