வருமுன் காக்கும் கருணை



உயிரைக் கொல்லாதிருத்தல் நாம் ஏற்ற முதற்சீலம். அதனைக் காத்துவிட்டால் வாயில்லாப் பிராணிகளிடத்து நமக்குள்ள கடன் தீர்ந்ததாகுமா? பசித்த குட்டிக்கு ஒரு பிடி சோறிட்டால் போதுமா? போதாதென்பதை யாம் ஏட்டிலிருந்து கற்றோமில்லை. எமது சொந்தத் தவற்றிலிருந்து கற்றோம்.

தம்மப் பணியின் பொருட்டு யாம் கொச்சியைச் சார்ந்த மட்டாஞ்சேரியில் தங்கியிருந்தோம். மிளகும் சுக்கும் அரிசியும் அடைந்த பண்டகசாலைகள் உள்ள ஊராதலின் அங்கே எலிகள் மிகுதி. எலிகளை நாடிப் பூனைகளும், மீன் கழிவை நாடி நாய்களும் பல்குகின்றன. வேண்டாத குட்டிகளைச் சாக்கிலிட்டு வீதியோரம் விட்டுச் செல்வோரும் உளர். ஓர் ஆடி மழையில், பண்டகசாலைப் படியில் நனைந்து நடுங்கிய நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்தோம். அகவை ஆறு வாரம் இருக்கலாம். துடைத்து, சோறும் மீனும் இட்டோம். அண்டை வீட்டு அம்மையார், "மிருகாசுபத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஐயா" என்றார். "துள்ளி விளையாடுகிறதே, அம்மா, நோயில்லாததற்கு வைத்தியம் ஏன்?" என விடையிறுத்தோம்.

பத்தாம் நாள் அஃது உண்ண மறுத்தது. வாந்தியும் இரத்தங் கலந்த கழிச்சலும் கண்டன. அப்பொழுதுதான் ஓடினோம். பார்வோ என்னும் நச்சுயிர் நோய் எனக் கூறிய மருத்துவர், நரம்பின் வழி நீரேற்றிக்கொண்டே, "கொண்டுவந்து எத்தனை நாளாயிற்று?" என்று வினவினார். மறுநாள் குட்டி இறந்தது. அவ்வினா எம்மை விட்டகலவில்லை.

"அஃது அதன் வினை" எனச் சிலர் தேற்றினர். அத்தேற்றரவை யாம் ஏற்கவில்லை. துன்பம் யாவும் முன்வினைப் பயனே என்னும் கொள்கையைப் பற்றி மோளிய சீவகன் என்னும் துறவி வினவியபோது, பகவர் அதனை மறுத்து, பித்தம், கோழை, வாயு, பருவ மாறுபாடு முதலியவற்றாலும் துன்பம் பிறக்குமென விளக்கினார். காரணம் அறியத்தக்கதாயின், அதனை விலக்க முயலாதவன் வினையின்மீது பழி போடலாகாது.

அறியத்தக்க அக்காரணங்கள் எவை? பிறந்த முதல் நாளில் பருகும் சீம்பால் வழியே தாயின் நோயெதிர்ப்பாற்றல் குட்டிக்குக் கிடைக்கின்றது. சில வாரங்களில் அது தேய்ந்துபோகும். எப்பொழுது தேயுமென்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அஃது எஞ்சியிருக்குங்கால் இட்ட ஊசி பயன்தராமற் போகலாம். ஆதலின் 6 முதல் 8 வார அகவையில் தொடங்கி, 16 வாரம் நிரம்பும் வரை, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை தடுப்பூசியைத் திரும்ப இடுகின்றனர். பூனைக்குட்டிக்கும் இவ்வாறே, அதனைக் கொல்லும் கழிச்சல் நோயும் பார்வோ இனத்தைச் சார்ந்ததே. உருண்டைப்புழு நாய்க்குட்டிக்குக் கருவிலேயே செல்லும். பூனைக்குட்டிக்குப் பால் வழியே செல்லும். ஆதலால் 2, 3 வார அகவையிலேயே மருத்துவர் சொற்படி புழுமருந்து தொடங்கவேண்டும். அப்புழுவின் முட்டை மண்ணிற் கலந்து, நம் குழந்தைகளின் கண்ணையும் கெடுக்கவல்லது.

வெறிநோயோவெனின், குறி தோன்றியபின் மனிதரோ விலங்கோ பிழைப்பது அரிதினும் அரிது. 1885இல் பாரிசு நகரில், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்குப் பாஸ்டர் ஊசியிட்டது குறி தோன்றுமுன்னரே. குட்டிகளுக்கு 3 மாத அகவையில் இதற்குரிய ஊசியை இட்டு, ஓராண்டில் மீண்டும் இடவேண்டும். குட்டி கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லவேண்டும்.

யாம் ஆலையில் உழைத்த காலத்தில், அச்சு சூடேறிப் புகைந்தபின் எண்ணெய் ஊற்றுபவனை எவரும் நல்ல தொழிலாளி என்றதில்லை. எந்திரம் ஓடுமுன்னரே எண்ணெயிட்டோம். இரும்பிற்குச் செய்ததை ஓர் உயிருக்குச் செய்யத் தவறினோம்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தமது இரண்டாம் பாறைச் சாசனத்தில், மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் ஏற்படுத்தியதையும், மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நட்டதையும் பொறித்துள்ளார். சோழர், பாண்டியரோடு கேரளபுத்திரரும் அதிற் கூறப்படுகின்றனர். மூலிகை நடுபவன், நோயாளி வருமுன்னரே நடுகின்றான் என்பதைச் சிந்தியுங்கள். இரக்கம் கண்டபின் எழுவது. கருணையோ அறிந்து முற்படுவது.

ஏழைகளாகிய நமக்கு இஃது இயலுமா எனலாம். மூன்று குட்டிகளை எடுத்து மூன்றையும் கைவிடுவதினும், ஒன்றை எடுத்து உரியன செய்தல் மேல். நான்கு வீட்டார் ஒரே வண்டியில் அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சென்றால் வண்டிக் கூலி குறையும். தாயுடன் உள்ள குட்டியை 8 வாரம் வரை பிரிக்காதிருப்பதற்கோ காசே வேண்டா.

பார்வோ நச்சுயிர் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் அழியாதிருக்குமாதலின், அவ்வீட்டில் ஓராண்டுக்கு மேலாக வேறு குட்டி கொள்ளவில்லை. பின்னர் ஒன்று வந்தது. வீட்டிற்குள் விடுமுன் மிருகாசுபத்திரிக்கே எடுத்துச் சென்றோம். அதே மருத்துவர் அதே வினாவை வினவினார். "இன்றுதான், ஐயா" என்றோம். பிராணி வளர்க்கும் உபாசகர் ஒவ்வொருவரும் இவ்விடையைக் கூறவல்லவராதல் வேண்டும்.