வருகை உரிமையும் விசாவும்

வேற்று நாட்டில் கால்வைப்பது மனிதருக்கு உரிமையா, சலுகையா? இதற்கு ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1795-இல் ‘நிரந்தர அமைதி’ என்ற சிறு நூலில் விடை சொன்னார். பூமி உருண்டை, மனிதர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, எங்கோ ஓரிடத்தில் சகித்துக்கொண்டுதான் ஆகவேண்டும். ஆதியில் எந்த நிலத்தின்மீதும் எவருக்கும் கூடுதல் உரிமை கிடையாது. எனவே அமைதியாக வந்து நிற்கும் அந்நியரைப் பகைவராக நடத்தக் கூடாது. இதை அவர் கருணை என்று சொல்லவில்லை, உரிமை என்றார்.

விருந்தோம்பல் என்று அவர் பெயரிட்ட அந்த உரிமை மிகக் குறுகியது. ‘விருந்து’ என்பதற்குப் புதியவர் என்பதே பழைய பொருள் என்றாலும், விருந்தோம்பல் என்றதும் தமிழருக்கு இலைபோட்டு உபசரிப்பதுதான் நினைவுக்கு வரும். கான்ட் கேட்டது அதுவல்ல. வந்து பார்க்கும் உரிமை மட்டுமே, தங்கும் உரிமை இல்லை. உயிருக்கு அழிவு நேராது என்றால் வந்தவரைத் திருப்பி அனுப்பலாம். வணிகத்தின் பேரில் இந்தியாவில் படை இறக்கிய ஐரோப்பியரைச் சாடிய அவர், அவர்களைக் கட்டுக்குள் வைத்த சீனாவையும் ஜப்பானையும் மெச்சினார்.

இன்று இந்தியர் ஒருவர் ஜெர்மனியைச் சுற்றிப் பார்க்க, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எந்த 180 நாளிலும் 90 நாள் தங்கலாம். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, புறப்படும் தேதிக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லும் பாஸ்போர்ட். இவை சில்லறை. கனமானது வேறொன்று: கெடு முடிவதற்குள் வெளியேறும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு உண்டா என்று நியாயமான ஐயம் எழுந்தாலே விசாவை மறுக்கலாம். சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் மனத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கருக்கோ இந்த விண்ணப்பமே கிடையாது. பிறந்த இடம் ஒருவரின் நேர்மைக்கு அளவுகோலாவதைக் கான்டின் வாதத்தைக் கொண்டு நியாயப்படுத்துவது கடினம்.

அதைவிட ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. கான்டின் அந்நியர் வாசலுக்கு வந்துவிட்டவர். விசாவோ வாசலையே அவருடைய ஊருக்குக் கொண்டுபோய் வைக்கிறது. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு அபராதம். ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை. கான்ட் வைத்த விதிவிலக்கும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் உயிருக்கு அஞ்சி ஓடுபவர் திரும்பிப் போகும் எண்ணத்தை எப்படிக் காட்டுவார்? அலெப்போவைச் சேர்ந்த சிரியக் குடும்பம் ஒன்று பெய்ரூட்டிலுள்ள பெல்ஜியத் தூதரகத்தில், அங்கு போய் அடைக்கலம் கோருவதற்காக விசா கேட்டு மறுக்கப்பட்டது. அத்தகைய விசா வழங்கும் கடமை ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின்படி உறுப்பு நாடுகளுக்கு இல்லை என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 மார்ச்சில் தீர்ப்பளித்தது.