ஓய்வு யாருக்கு உரியது?

உழைப்பு மேலானது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஓய்வைப் பற்றி அவ்வாறு யாரும் நமக்குச் சொல்வதில்லை. உழைத்தவனுக்குக் கிடைக்கும் கூலி, மறுநாள் உழைப்புக்கான தயாரிப்பு என்ற அளவிலேயே ஓய்வை எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணம் சரிதானா?

கணினி விளையாட்டுகளை உருவாக்கும் தொழிலை எடுத்துக்கொள்வோம். பிறருடைய ஓய்வுநேரமே அத்தொழிலின் சந்தை. ஆனால் அதில் பாடுபடுவோரின் ஓய்வு எத்தகையது? 2004-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவருக்கு மணம் பேசப்பட்டிருந்த பெண், தம் பெயரைக் குறிப்பிடாமல் திறந்த மடல் ஒன்றை எழுதினார். காலை 9 மணி முதல் இரவு 10 மணி வரை, வாரத்தின் ஏழு நாளும் வேலை என்று அதில் அவர் முறையிட்டார். மிகைநேர ஊதியம் கேட்டு ஊழியர்கள் தொடுத்த வழக்கில், 2005-இல் அந்நிறுவனம் 1 கோடியே 56 லட்சம் டாலர் தர இசைந்தது. ஆயினும் தொழிலின் போக்கு மாறிவிடவில்லை. கட்டாய மிகைநேர வேலை இராது என்று கூறியிருந்த போலந்து நாட்டு சீடி ப்ரொஜெக்ட் நிறுவனமும், 2020-இல் 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டை வெளியிடுமுன் வாரம் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது.

இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்விளைஞர்களுள் பலர் விளையாட்டின் மீதுள்ள ஆசையால் அத்தொழிலுக்கு வந்தவர்கள். "பிடித்த வேலைதானே, இன்னும் சிறிது நேரம் செய்தால் என்ன?" என்ற பேச்சு அவர்கள் கழுத்தில் நுகமாகிறது. விளையாட்டை உருவாக்குபவர்க்கு விளையாட நேரமில்லை!

எங்கோ நடப்பதென்று நாம் ஒதுங்கிவிட இயலாது. கணினி வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய வட்டாரம் நம்முடையது. 2011-இல் ஜோஹோ நிறுவனம் தென்காசிப் பகுதியில் அலுவலகம் திறந்தபின், மத்தளம்பாறை போன்ற சிற்றூரிலேயே மென்பொருள் வேலை கிடைக்கிறது. பெற்றோர் அருகிலிருந்து உழைக்க வழி பிறந்தது நல்லதே. ஆயினும், மலையும் அருவியும் பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஓய்வு வந்துவிடாது. ஐந்தருவியில் குளித்துக் கரையேறியதும், தலையைத் துவட்டுமுன் கைப்பேசியைத் தேடும் கைகளை நாம் காண்கிறோம் அல்லவா?

குற்றாலத்தையே எண்ணிப் பார்ப்போம். ஆனி, ஆடியில் சாரல் விழத் தொடங்கியதும் ஊர் நிரம்புகிறது. எண்ணெய் தேய்த்துவிடுபவர், மங்குஸ்தான் பழம் விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், விடுதி அறைகளைப் பெருக்குபவர் ஆகியோர்க்கு மற்றவர்களின் விடுமுறையே வேலை நாள். ஞாயிறு அவர்களுக்கு மிகுந்த பாடுள்ள நாள். சுற்றியுள்ள ஊர்களில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் ஓய்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூலியில் குறைகிறது.

திருமறை நூல் காட்டும் நெறி வேறு. தொடக்கநூலின்படி மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாள். அவன் கண்ட முதல் முழு நாள் ஓய்வு நாள். அதாவது, எதையும் உழைத்து ஈட்டுமுன்பே ஓய்வு அவனுக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. ஓய்வுநாள் கட்டளைக்கு இணைச்சட்டம் கூறும் காரணமும் சிந்திக்கத்தக்கது. எகிப்தில் அடிமையாய் இருந்ததை மறவாதே என்கிறது அது. அடிமைக்குத் தன் நாள் என்று ஒன்றில்லை. ஆகவே ஓய்வு விடுதலையின் அடையாளம். அது வீட்டுத் தலைவனுக்கு மட்டும் உரியதன்று. பணியாளர், அந்நியர், மாடு, கழுதை அனைத்துக்கும் உரியது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலும் வார ஓய்வையும் ஆண்டு விடுமுறையையும் தொழிலாளரின் உரிமைகளாகவே எண்ணுகிறது.

"சீசன் மூன்று மாதந்தானே, அப்போதும் ஓய்ந்திருந்தால் அடுப்பு எப்படி எரியும்?" என்று குற்றாலத்துத் தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலி போதாதவரிடம் ஓய்வைப் போதிப்பது பட்டினியைப் போதிப்பதாகும். ஆகவே ஓய்வுக் கடமையை ஏழையின் தலையில் சுமத்துவது முறையன்று. ஆறு நாள் உழைப்புக்கு ஏழு நாள் உணவு கிடைக்கும்படி கூலி தருவதே முதற்கடமை. அக்கடமை கூலியை முடிவு செய்பவரைச் சாரும். அவ்வுழைப்பில் இன்பம் காணும் நம்மையும் சாரும்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசும்போது, ஞாயிறு மாலையில் ஊழியரைத் தொலைபேசியில் அழைக்கும்போது, நாம் யாருடைய நாளில் கை வைக்கிறோம் என எண்ண வேண்டும். நம் இல்லத்திலும் இதைக் கேட்கலாம். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து, கறிக்குழம்பு மணக்க நாமெல்லாரும் அமர்ந்திருக்கையில், அடுப்படியில் நிற்பவர் யார்? அவருக்கு எந்த நாள் ஓய்வு நாள்?