யாரைப் பார்த்துச் சிரித்தாய்?

பெண்டர் ஒரு ரோபோ. சுருட்டுப் பிடிப்பான், பீர் குடிப்பான், பக்கத்தில் நிற்பவனின் பர்ஸை உருவுவான். மது அவனுக்கு எரிபொருள் என்பதால், குடித்தால்தான் நிதானம், குடிக்காவிட்டால் தள்ளாடுவான். ‘ஃபியூச்சராமா’ என்ற அமெரிக்க அறிவியல் புனைவு நகைச்சுவைத் தொடரின் செல்லப்பிள்ளை இவன்தான். என் அக்கா தன் பதினோரு வயது மகளின் தோளுக்கு மேல் இரண்டு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தாள். “ஏன்டா, கார்ட்டூன்னு சொன்ன. குடிகாரனைக் காட்டுறான்?”

கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்கானது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியது. 2007-இல் சுட்டி டிவி வந்து டோரா தமிழ் பேசத் தொடங்கிய பிறகு, டிவியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகலாம் என்ற நிம்மதி அம்மாக்களுக்குக் கிடைத்தது. ஆனால் ‘ஃபியூச்சராமா’ அந்த வகை அல்ல. ‘தி சிம்ப்சன்ஸ்’ தந்த மேட் க்ரோனிங், டேவிட் எக்ஸ். கோஹனுடன் சேர்ந்து பெரியவர்களுக்காக உருவாக்கியது. 1999 மார்ச்சில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. பீட்சா கொண்டுபோகும் ஃப்ரை என்ற இளைஞன் 1999 டிசம்பர் 31 நள்ளிரவில் ஓர் உறைபெட்டிக்குள் விழுந்து, ஆயிரம் ஆண்டு கழித்து விழிக்கிறான். அங்கே முன்னாள் அமெரிக்க அதிபர் நிக்சனின் தலை கண்ணாடி ஜாடியில் மிதந்தபடி அரசியல் பேசுகிறது. நிக்சன் யாரென்று தெரியாத பிள்ளைக்கு அது பேசும் தலை, அவ்வளவுதான். அதற்கும் அவள் சிரித்தாள்.

வயதை முடிவு செய்ய முத்திரைகள் இருக்கின்றன. 2021-இல் வந்த விதிகளின்படி இணையத் தொடர்களுக்கு இந்தியாவிலும் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வகை பிரிக்கிறார்கள். வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை, போதைப்பொருள் எல்லாம் அதில் கணக்கில் வரும். எனக்கும் அது உதவியாகத்தான் இருக்கிறது. ஆனால் நகைச்சுவை என்று வரும்போது அந்தக் கணக்கில் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது. திரையில் என்ன தெரிகிறது என்பதை முத்திரை சொல்லும். சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதைச் சொல்லாது. பெண்டர் சுருட்டைப் பற்றவைக்கும்போது, ‘அடடா, என்ன ஸ்டைல்’ என்று சிரிக்கிற பிள்ளையும் ‘இது ஒரு தகர டப்பா, இதுக்கு இவ்வளவு பந்தாவா’ என்று சிரிக்கிற பிள்ளையும் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறார்கள். அதனால் நான் அக்கா மகளிடமே கேட்டேன், எதற்குச் சிரித்தாய் என்று. “அவன் பண்றது தப்புன்னு அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியுது மாமா.” பெண்டர் பற்றிய கவலை எனக்கு அத்தோடு விட்டது.

அக்காவுக்கு விடவில்லை. அவளுக்கு ஒன்று சொன்னேன். நாம் வளர்ந்ததே கவுண்டமணி செந்திலை எட்டி உதைப்பதைப் பார்த்துத்தானே? நிறத்தையும் உடம்பையும் வைத்து எத்தனை கேலி! ஞாயிற்றுக்கிழமை மதியம் தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று வீடே உட்கார்ந்து பார்த்தது. வயது வரம்பு என்ற பேச்சே எழவில்லை. அந்தக் கேலிகளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் கறுப்பாகவோ குண்டாகவோ இருந்த பையன் மேல் நாம்தான் பிரயோகித்தோம். ரோபோவின் பீரைவிட அதுதான் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொள்ளும். அக்கா, “அது வேற, இது வேற” என்றாள். என்ன வேறு என்று கேட்டதற்கு, “அது நம்ம ஆளுங்க” என்றாள்.

அதற்காகத் தொடர் முழுவதையும் தாராளமாகத் திறந்துவிட்டேன் என்று இல்லை. ஸாப் பிரானிகன் என்ற விண்வெளித் தளபதி எல்லாப் பெண்களும் தன்னைக் கண்டு மயங்குவதாக நினைப்பவன். சிரிப்பு முழுக்க அவன் மேல்தான். அவனைப் பார்க்கட்டும், பின்னால் உதவும். ஆனால் 2001-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ராட்சதப் பெண்கள் ஆளும் கிரகத்தில் ஃப்ரையும் பிரானிகனும் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் சிரிப்பு ஆண்களின் திமிர் மேலா, பெண்கள் மேலா என்று எனக்கே பிடிபடவில்லை. ஆண்களுக்குக் கொடுக்கும் தண்டனையைப் பதினோரு வயதுக்கு விளக்கவும் என்னால் ஆகாது. அதைத் தள்ளிவைத்தேன்.

முதல் அத்தியாயத்தையும் காட்டவில்லை. எதிர்கால நியூயார்க்கில் வந்து இறங்கும் ஃப்ரை, டெலிபோன் பூத் என்று நினைத்து வரிசையில் நிற்கிறான். அது தற்கொலை செய்துகொள்வதற்கான பூத். காசு போட்டால் போதும். உயிரையும் விற்பனை இயந்திரத்தில் போட்டுவிட்ட ஒரு சமூகத்தைக் கிண்டல் செய்கிறார்கள், கூர்மையான கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டல் புரிய, சாவு என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடிவும் நீட் முடிவும் வரும் வாரங்களில் செய்தித்தாளைப் பிரிக்கவே கை தயங்குகிற ஊர் இது. இங்கே பள்ளிப் பிள்ளைக்கு அந்த நகைச்சுவையை நான் பரிமாற மாட்டேன். முதல் அத்தியாயம் பார்க்காமல் கதை எப்படிப் புரியும் என்கிறீர்களா? நானே வாயால் சொன்னேன். பூத்துக்குப் பதிலாக ஒரு பஸ் ஸ்டாப் போட்டேன். ஒன்றும் குறையவில்லை.

இதற்கு நேர்மாறாக, 2002-இல் வந்த நாய்க் கதையில் முத்திரை குத்துவதற்கு ஒன்றுமே இல்லை. ஃப்ரை வளர்த்த நாய் புதைபடிவமாகக் கிடைக்கிறது. உயிர்ப்பித்துவிடலாம் என்ற நிலையில், தான் காணாமல் போன பிறகும் அது பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தது என்று தெரிந்து, தன்னை மறந்து நன்றாக இருந்திருக்கும் என்று விட்டுவிடுகிறான். அது அத்தனை ஆண்டும் பீட்சா கடை வாசலிலேயே காத்திருந்தது நமக்கு மட்டும் காட்டப்படுகிறது. அக்கா மகள் தேம்பித் தேம்பி அழுதாள். பிள்ளையை அழவைத்தாயே என்று அக்காவுக்குக் கோபம். எனக்கு அதில் வருத்தமில்லை. மறுநாள் அவளுக்கு அழுகை போய் ஃப்ரை மேல் ஆத்திரம் வந்திருந்தது: “அவனா எப்படி முடிவு பண்ணலாம்? நாய்கிட்ட கேக்கவே இல்லையே!”

இந்தத் தொடரை அவளுக்குக் காட்ட நான் ஆசைப்பட்டதற்குக் காரணம் கணக்கு. எழுதியவர்களில் பலர் கணிதமும் இயற்பியலும் படித்தவர்கள். பெண்டருக்கு வரும் ஒரு பண்டிகை வாழ்த்து அட்டையில் ‘மகன் எண் 1729’ என்றிருக்கும். பிரானிகனின் கப்பல் எண்ணிலும் அதே 1729. நோயுற்றிருந்த ராமானுஜனைப் பார்க்க, கணிதப் பேராசிரியர் ஹார்டி புட்னி மருத்துவமனைக்கு வந்த டாக்ஸியின் எண். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் வருவது என்று அவர் படுக்கையிலிருந்தே சொன்ன எண். “மாமா, நம்ம கும்பகோணம் நம்பர்!” என்று அவள் ரிமோட்டை அமுக்கி நிறுத்தியபோது, ஃபாக்ஸ்காரர்கள்மேல் எனக்குத் தனி அன்பு வந்தது.

2010-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஓர் இயந்திரத்தால் ஆளுக்கு ஆள் மனம் இடம் மாறிவிடும். ஒரே ஜோடி உடல்களை இயந்திரம் இரண்டாம் முறை மாற்றாது. எப்படி அவரவர் உடம்புக்குத் திரும்புவது? எத்தனை பேர் குழம்பியிருந்தாலும் புதிதாக இரண்டு பேர் வந்தால் போதும் என்ற தேற்றத்தை, கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற எழுத்தாளர் கென் கீலர் இந்தக் கதைக்காகவே நிரூபித்தார். கரும்பலகையில் சில நொடி வந்துபோகும். நாங்கள் துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி, தரையில் பரப்பிச் செய்து பார்த்தோம். அம்மாவும் அப்பாவும் மாறிவிட்டார்கள் என்று வைத்து, பாட்டியையும் மாமாவையும் உள்ளே விட்டால், நான்கு மாற்றங்களில் அம்மாவும் அப்பாவும் வீடு திரும்பிவிடுகிறார்கள். பாட்டியும் மாமாவும் மாறிக் கிடப்பதை ஐந்தாவது மாற்றம் சரிசெய்கிறது. அதே அத்தியாயத்தில் உடல் மாறியவர்கள் காதல் செய்யும் அசட்டுக் காட்சிகளும் உண்டு. வெட்டி எடுத்தால் கணக்குக்குக் காரணமான குழப்பமும் போய்விடும். அவளே “ச்சீ” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது வகுப்பில் யாரோ சொல்லி ‘ரிக் அண்ட் மார்ட்டி’ வேண்டும் என்கிறாள். அதுவும் அறிவியல், அதுவும் சிரிப்பு, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் அதில் ரிக் தாத்தா மற்றவர்களை மிதிக்கும்போதெல்லாம் பெரும்பாலும் அவர் சொல்வதே சரியாக இருக்கிறது. மேதைக்குக் கொடுமை செய்ய உரிமை உண்டு என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ள வைத்துவிடுவார்கள். அதைத் தொடரே பிற்பாடு கேள்வி கேட்கிறது என்றாலும் அதுவரை பொறுக்க வேண்டுமே. பதினாறு வயதில் பார்க்கலாம் என்றேன்.

“நீங்க எத்தனை வயசுல பாத்தீங்க மாமா?”

“நாற்பது.”

“அப்ப உங்களுக்கு ஒட்டிக்கலையா?” என்று கேட்டாள். அக்கா அடுப்படியிலிருந்து, “நல்லாக் கேளு” என்றாள்.