அக்கா எடுத்த ரூம்

பூந்தமல்லியில் ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில், மூடிய கதவுக்கு வெளியே, கையில் ரசம் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் அக்கா. தம்பி என் வீடு அம்பத்தூரில் இருக்கிறது. அவள் இங்கே காசு கொடுத்து ரூம் எடுத்திருக்கிறாள். கதவைத் தட்டக் கை வரவில்லை. கோபம் கொஞ்சம், வருத்தம் நிறைய.

நாங்கள் ஒரத்தநாட்டுக்காரர்கள். 1989-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு லேத் வேலைக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். அன்று முதல் ஊரில் யாருக்கு மெட்ராஸில் என்ன வேலை என்றாலும் என் வீடுதான். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் அப்ரண்டிஸ் பரீட்சை எழுத வந்த பையன்கள், திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்தவர்கள், வெளிநாடு போகிற மகனை வழியனுப்ப வந்தவர்கள் என்று எத்தனையோ பேர். ஹாலில் பாயை விரித்தால் ஆறு பேர் படுக்கலாம், நெருக்கிப் படுத்தால் எட்டு. "சொந்தம் இருக்கிற ஊர்ல லாட்ஜ்ல தங்கறதா?" என்று என் அப்பா கேட்பார். அதையே நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்பது அன்பு என்றுதான் முப்பது வருஷமும் நினைத்திருந்தேன்.

அத்தானுக்கு சிறுநீரகக் கோளாறு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் விட்டுவிட்டுக் காட்டவேண்டும் என்று தஞ்சாவூரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்றைக்கு வருகிறாய் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வந்து இரண்டு நாள் கழித்துத்தான் அக்கா போன் செய்தாள், லாட்ஜிலிருந்து.

கதவு திறந்தது. வாளியை வாங்கிக்கொண்டு, நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்:

"உன் வீட்ல நான் அழ முடியாதுடா தம்பி."

கட்டிலில் அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும் போலிருந்தது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ராத்திரி ஏழெட்டு தடவை எழுந்திரிக்கிறாரு. உன் வீட்ல பாத்ரூமுக்கு ஹாலைத் தாண்டிப் போவணும். பாப்பா பப்ளிக் பரீட்சைக்குப் படிக்கிற எடத்துல, தடவை தடவைக்கு லைட்டப் போட்டு, அவரைத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு... அவரு கூச்சத்துலயே தண்ணி குடிக்காம கெடப்பாரு. உன் பொண்டாட்டி தங்கமானவ. அதனாலதான் இன்னும் கஷ்டம். என்னை ஒரு பாத்திரம் கழுவ விடமாட்டா. நானும் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும். இங்க கதவைச் சாத்திக்கிட்டா யாருக்கும் மூஞ்சியைக் காட்ட வேண்டியதில்ல."

கட்டிலிலிருந்து நாலடியில் பாத்ரூம். வெஸ்டர்ன் டாய்லெட். ஜன்னல் திண்டில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னக் குத்துவிளக்கு, மாத்திரை டப்பா, அத்தான் குடிக்கும் தண்ணீரை அளக்க ஒரு கால்படி டம்ளர். டாக்டர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு சொல்லியிருந்தார். அந்த டம்ளரில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். என் வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கோட்டுக்கு என் மனைவி ஒரு யோசனை சொல்லியிருப்பாள், நான் ஒன்று, மாடி வீட்டு அம்மா ஒன்று.

என் வீட்டைப் பற்றி அப்படி ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எட்டுப் பேர் படுக்கிற ஹாலில், அந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் தூங்காமல் புரண்டிருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். வயிற்றுவலியைச் சொல்லாமல் விடிய விடியக் கிடந்துவிட்டுப் போன ஒரு சித்தப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. வந்தவரை விட்டுவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமைக்கு வந்தவர் கொடுக்கிற விலை நமக்குத் தெரிவதில்லை.

திரும்பி வருகிற வழியில் பஸ் குமணன்சாவடியில் நின்றது. எத்தனையோ வருஷமாகக் கேட்கிற பெயர்தான். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று இந்த ஒரே சாலையில் மூன்று சாவடி. வழிப்போக்கர் வண்டியை அவிழ்த்துவிட்டு இளைப்பாறும் இடத்துக்குச் சாவடி என்று பெயர். பெங்களூருக்குப் போகிற சாலை, காஞ்சிபுரத்துக்கும் மாங்காட்டுக்கும் திருமழிசைக்கும் பிரிகிற சாலை. கையூன்றி எழ ஒரு திண்ணையும் ஒரு கிணறும் இருந்தால் போதும் என்று நடந்தவர்களின் சாலை. இன்று மெட்ரோ தூண்கள் நடுவில் நிற்கின்றன. நிலையங்களின் பெயர்ப்பட்டியலிலும் குமணன்சாவடியும் கரையான்சாவடியும் இருக்கின்றன.

எங்கள் ஒரத்தநாட்டிலும் அப்படி வழிப்போக்கருக்கென்று முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-ல் கட்டியது. பள்ளிக்கூடப் பையனாக அதன் கல் சக்கரத்திலும் குதிரையிலும் ஏறி விளையாடியிருக்கிறேன். சத்திரம் கட்டியதற்கு முந்தைய வருஷம் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டாரினுக்கு சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். நாட்டின் ஆட்சி கையை விட்டுப் போனபின்னும் சத்திரங்களின் நிர்வாகம் தன்னிடமே இருக்கவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, வழியில் வலி கண்ட கர்ப்பிணிக்குப் பிரசவம் என்று சத்திரங்கள் செய்துவந்ததை எல்லாம் அதில் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் அதைத் தர்மம் என்று மட்டும் புரிந்துகொண்டிருந்தேன். அக்காவின் அறையைப் பார்த்தபிறகு வேறொன்றும் தெரிகிறது. சத்திரத்தில் படுக்க யாருக்கும் மருமகனாகவோ மைத்துனனாகவோ இருக்க வேண்டியதில்லை. உறவு தராத ஒரு விடுதலையை அந்தத் திண்ணை தந்திருக்கிறது. தெரிந்தவர் வீடு இல்லாத குறைக்காகக் கட்டியது என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது.

இப்போது ஊரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது. "வீட்டுக்கு வர்றீங்களா, ரூம் பாக்கட்டுமா? ரெண்டுல எது சௌகரியமோ அதைச் சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாவிட்டால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. போரூர் ராமச்சந்திராவுக்கும் தண்டலம் சவீதாவுக்கும் வருகிறவர்களுக்காக இந்த நாலைந்து வருஷத்தில் முப்பது அறையாவது ஏறி இறங்கிப் பார்த்திருப்பேன்.

அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் நேரம். தஞ்சாவூரிலிருந்து வருகிற உழவன் எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே சென்னையில் இறக்கிவிட்டுவிடும். நோயாளியோடு ஆறு மணிக்கு லாட்ஜ் வாசலில் நிற்பீர்கள். பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கிற இடமானால், அன்று பகல் பன்னிரண்டோடு ஒரு நாள் முடிந்து மறுநாள் வாடகை ஆரம்பித்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு நாள் காசு. 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கிற லாட்ஜ்களும் இந்தச் சாலையில் இருக்கின்றன. போனில் கேட்கவேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல, எந்தக் கணக்கு என்பதுதான். அடுத்தது, சொல்கிற வாடகை வரியோடு சேர்த்தா என்பது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், முன்பு 12. ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாட்களில் மண்டபக் கூட்டம் அறைகளை நிறைத்துவிடும், ஆடி ஞாயிறு என்றால் திருவேற்காட்டுக் கூட்டம். டாக்டர் தேதி கொடுத்ததும் பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். உள்ளே போனதும் நான் கட்டிலைப் பார்ப்பதில்லை, குழாயைத் திறப்பேன். இந்தப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உள்ளங்கையில் சோப்பைத் தேய்த்தால் நுரை வராது. குளிக்கச் சமாளிக்கலாம், காயத்தைக் கழுவ ஆகாது. அப்படியானால் கேன் தண்ணீர் அறைக்கே வருமா என்று கேட்கவேண்டும். வெந்நீர் எத்தனை மணிக்கு என்பதையும் அங்கேயே கேட்டுவிடுவேன். காலை ஆறு முதல் ஒன்பது வரை என்று வைத்திருப்பார்கள், ரத்தம் எடுக்க ஏழு மணிக்கு வரச்சொன்னவருக்கு அது முக்கியம். பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் வெளியிலிருந்து திறக்க வருமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். உள்ளே தலைசுற்றி விழுந்தால் யார் கதவை உடைப்பது?

ஒரு அறையில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. எல்லாம் சரியாக இருந்தது, வாடகையும் குறைவு. கிளம்பும்போது பின்பக்கப் படிக்கட்டு எங்கே போகிறது என்று பார்க்க நடந்தேன். கீழே கிரில் கேட், அதில் பூட்டு. சாவி யாரிடம் என்று அங்கிருந்த இருவருக்கும் தெரியவில்லை. 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் டில்லி கரோல் பாக்கில் ஒரு ஓட்டல் தீப்பிடித்து 17 பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எந்த மாடியில் படுத்தாலும் இறங்குகிற இரண்டாவது வழியைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். அந்த லாட்ஜில் ஊர்க்காரர்களைத் தங்கவைக்கவில்லை. அத்தானைப் போலக் கால் வீங்கியவரை நினைத்துக்கொண்டு பார்த்தால், லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியும் வேண்டாம். அக்கா அது தெரிந்தும் வேறு அறை காலியில்லாததால் எடுத்திருந்தாள். ஒவ்வொரு படியிலும் அவரை உட்கார வைத்து உட்கார வைத்து ஏற்றியிருக்கிறாள்.

ஆதார் நகல் கேட்பார்கள். ஏதாவது ஒரு அடையாளச் சான்று கொடுக்கத்தான் வேண்டும். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நகலின் குறுக்கே இன்ன லாட்ஜில் தங்குவதற்கு மட்டும் என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அசலைக் கவுன்டரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அறையைப் பெருக்குகிறவரிடமும் ஒரு வார்த்தை பேசிவையுங்கள். என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகன் மிஷின் பூட்டிக் கொடுக்க பிரேசிலுக்கு, சாவ் பாவ்லோவுக்குப் போயிருந்தான். அங்கே பல இடங்களில் கீசர் கிடையாதாம். ஷவரின் தலையிலேயே மின்சாரக் கம்பிச்சுருள், தண்ணீர் அதன் வழியாக ஓடும்போதே சுடுகிறது. குழாயை நிறையத் திறந்தால் தண்ணீர் சில்லென்று வரும், குறைத்துத் திறந்தால்தான் சூடு. பாஷை தெரியாமல் இரண்டு நாள் குளிர்ந்த நீரில் குளித்திருக்கிறான். மூன்றாம் நாள் அறை பெருக்க வந்த அம்மா குழாயைத் தன் கையாலேயே கால் திருப்பு திருப்பிக் காட்டிவிட்டுப் போனாராம். அவன் அப்பாவிடம் போனில் அதைத்தான் முதலில் சொன்னான். உலகத்தில் எங்கே போனாலும் அறையின் ரகசியம் அதைப் பெருக்குகிறவருக்குத்தான் தெரியும்.

அக்காவின் அறையைப் பெருக்கிய பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன். இருபது வயது இருக்கும். மூன்றாவது நாளிலிருந்து அத்தானை அவன்தான் படியில் தாங்கி இறக்கினான், யாரும் சொல்லாமலே. அக்கா அவனுக்கு மத்தியானம் ஒரு தட்டுச் சோறு எடுத்து வைப்பாள். நான் கொண்டுபோகிற வாளியில் பாதி அவனுக்குத்தான் போயிற்று என்று பிற்பாடு தெரிந்தது. அவன் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை அவனுக்கு அரைகுறை. ஒரு ராத்திரி அத்தானுக்கு மூச்சு வாங்கியபோது கதவைத் திறந்து அவள் கூப்பிட்டது அவனைத்தான். ஆட்டோவை அவன் ஓடிப்போய்ப் பிடித்து வந்திருக்கிறான். எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது மணி நாலு. முதலில் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். அம்பத்தூரிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்ததும் கேட்கவில்லை.

அந்த நாளிலிருந்து நான் தினமும் சாயங்காலம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். என் வீட்டில் தங்கியிருந்தால் அக்காவும் நானும் அவ்வளவு பேசியிருக்க மாட்டோம். ரூமில் நாற்காலி ஒன்றுதான். அவள் கட்டில் ஓரத்தில், நான் நாற்காலியில். சின்ன வயதில் சத்திரத்துக் கல் குதிரையிலிருந்து நான் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதையும் அவள் பாவாடையைக் கிழித்துக் கட்டியதையும் அத்தானிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒரு நாள் பேச்சின் நடுவில் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அது ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நானும் அத்தானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். முகம் கழுவி வந்து, "விட்ட எடத்துலேருந்து சொல்லு" என்றாள்.

அத்தான் இப்போது தேவலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வருகிறார்கள். போன வாரம் அக்கா போன் செய்தாள். லாட்ஜுக்கு அவளே பேசிவிட்டாளாம், இந்தத் தடவை கீழ்த்தளத்திலேயே அறை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதாகவும், பாத்திரம் அவள்தான் கழுவப்போவதாகவும் என் மனைவியிடம் சொல்லிவிடச் சொன்னாள்.

"ராத்திரிக்கு ரசம் கொண்டாந்துடு," என்றாள். "பெரிய வாளியில."