80 வருடம் கழித்து ஒரு பெயர்

கறாரான ஹெட்மாஸ்டரை, கண்டிப்பான மாமனாரை நாம் ‘சரியான எம்டன்’ என்போம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்டு, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அந்த எம்டனுக்கும் ஓர் எம்டன் இருந்தது. சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். அதே வருடம் நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவுகள் பக்கம் எம்டனை அடித்துத் தரைதட்ட வைத்தது. பிற்பாடு இன்னொரு கப்பலுக்கும் சிட்னி என்றே பெயர் வைத்தார்கள். நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது சிட்னியைப் பற்றி.

1941 நவம்பர் 19, மாலை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் டச்சு சரக்குக் கப்பல் மாதிரி ஒன்று தெரிகிறது. விசாரிக்க நெருங்கிப் போகிறது சிட்னி. ரொம்பவே நெருங்கிவிட்டது. சரக்குக் கப்பல் வேஷத்தைக் கலைத்தது. அது கோர்மோரான், பீரங்கிகளை ஒளித்து வைத்திருந்த ஜெர்மன் கப்பல். சண்டையில் இரண்டுமே போயின. கோர்மோரானில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் படகேறிப் பிழைத்தார்கள். சிட்னியில் இருந்த 645 பேரில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

அப்படியென்றால் நடந்ததைச் சொல்ல யார் மிச்சம்? எதிரி மட்டும்தான்.

உங்கள் பிள்ளை எப்படிச் செத்தான் என்பதை அவனைக் கொன்றவன் வந்து சொன்னால் நம்புவீர்களா? கைதான ஜெர்மானியர்கள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொன்னார்கள். வீடுகளுக்குத் தந்தி வந்திருந்தது, ‘காணவில்லை’ என்று. உடம்பு வரவில்லை. ஒரு பெரிய போர்க்கப்பல் போயும் போயும் ஒரு சரக்குக் கப்பலிடம் ஏமாந்ததா? யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. ஜப்பானிய நீர்மூழ்கி வந்ததாம், தண்ணீரில் தத்தளித்தவர்களைச் சுட்டார்களாம், சர்க்கார் மறைக்கிறதாம். அறுபது வருடத்துக்கு மேல் இந்தப் பேச்சு ஓயவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அபத்தமான சாவைவிட அநியாயமான சாவு தேவலை. கோபப்படவாவது ஒரு ஆள் கிடைப்பான்.

1942 பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் தீவுக்கு ஒரு மிதவை ஒதுங்கியது. அதில் வெயிலில் வெளுத்துப்போன பாய்லர் சூட்டுடன் ஓர் உடல். ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். அடுத்த மாதக் கடைசியில் தீவு ஜப்பான் கைக்குப் போயிற்று. காகிதங்கள் தொலைந்தன, கல்லறை இருந்த இடமும் மறந்துபோயிற்று. 2001-ல் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2006-ல் கிடைத்தது. மண்டையோட்டில் ஒரு சின்ன உலோகத் துண்டு. பார்த்தவுடன் துப்பாக்கித் தோட்டாவோ என்று தோன்றியது. பழைய வதந்தி எழுந்து உட்கார்ந்துகொண்டது. பரிசோதனைக்கூடத்தில் பார்த்தால் தோட்டா இல்லை. ஜெர்மன் பீரங்கிக் குண்டின் சிதறல். தண்ணீரில் வைத்துச் சுடப்பட்ட ஆள் இல்லை, சண்டையில் அடிபட்டவர்.

2008 மார்ச்சில் டேவிட் மேர்ன்ஸ் குழு இரண்டு கப்பல்களையும் கண்டுபிடித்தது. சிட்னி கிடந்தது ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில். உதவியது எது தெரியுமா? ஜெர்மானியர்கள் சொன்ன அதே கதை. கோர்மோரான் கேப்டன் டெட்மெர்ஸ், கைதியாக இருந்தபோது ஓர் அகராதியில் எழுத்துக்களுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவு புள்ளிகள் வைத்துச் சண்டையை முழுக்கப் பதிவு செய்திருந்தார். பொய் சொல்கிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் 1976-லேயே இறந்துவிட்டார். ‘நீர் சொன்னது சரிதானய்யா’ என்று அவரிடம் சொல்ல ஆள் இல்லை.

எலும்புகளை 2008 நவம்பரில் ஜெரால்டன் என்ற ஊரில் மறுபடி புதைத்தார்கள், பெயர் போடாமல். பிறகு தொடங்கியது குமாஸ்தா வேலை. 645 பேரின் கடற்படைக் காகிதங்கள், உயரம், பல் மருத்துவக் குறிப்புகள். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். டி.என்.ஏ. சொன்னது: செம்பட்டை முடி, நீலக் கண், வெளுத்த தோல். வம்சாவளி தேடி உறவினர்களிடம் மாதிரி வாங்கி ஒப்பிட்டு, சண்டை நடந்து சரியாக 80 வருடம் கழித்து, 2021 நவம்பர் 19 அன்று பெயரை அறிவித்தார்கள். தாமஸ் வெல்ஸ்பி கிளார்க். பிரிஸ்பேன்காரர். வயது 21. கணக்காளராக இருந்தவர். சிட்னியில் சேர்ந்து மூன்றே மாதம் ஆகியிருந்தது.

“பெத்தவங்களே போயாச்சு. இப்ப பேர் தெரிஞ்சு யாருக்கு சார் என்ன லாபம்?” என்றார் நண்பர். அவருக்குப் பழைய காகிதம் என்றாலே அலர்ஜி. அவர் சொன்னதை முதலில் நானும் பாதி ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தப் பல் குறிப்புகளை நினைத்துப் பாருங்கள். ஒரு பையனைப் பட்டாளத்துக்கு எடுக்கும்போது உயரம் அளந்து, பல்லை எண்ணித்தான் வாங்கிக்கொள்கிறார்கள். வாங்கினபோது எண்ணினவர்கள் திருப்பித் தரும்போதும் எண்ணித்தானே தரவேண்டும்? வாங்க வேண்டிய அப்பா அம்மா இல்லையென்றால் கடன் தள்ளுபடியா? மிச்சமுள்ள 644 வீடுகளுக்குக் கொடுக்க எலும்புகூட இல்லை. கடலில் ஓர் இடத்தைக் காட்டலாம், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 2009-ல் விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. ஜெர்மானியர் சொன்னது அடிப்படையில் உண்மை என்றது. அதோடு, அவ்வளவு நெருங்கிப் போனது சிட்னி கேப்டனின் தவறான கணிப்பு என்றும் சொன்னது. தாத்தா வீரனாகத்தான் செத்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் நாம் ஆவணக் காப்பகத்தின் படியேறுகிறோம். கட்டைப் பிரித்தால் எதிரி யோக்கியனாகவும், தாத்தா தப்பு செய்தவராகவும் இருந்தால்?

நண்பரிடம் கேட்டேன். “உங்க தாத்தா அந்தக் கேப்டனா இருந்திருந்தா ஃபைலைத் திறப்பீங்களா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “திறப்பேன் சார்” என்றார். “ஆனா எங்கம்மா இருக்கிற வரைக்கும் திறக்க மாட்டேன்.”